ஓநாயின் பெயர் கொண்ட பூச்செடி

லத்தீன் மொழியில் 'லூப்பஸ்' என்றால் ஓநாய். அந்தச் சொல்லிலிருந்து பெயர் பெற்ற பூச்செடி ஒன்று உண்டு. அதுதான் லூப்பின். தரையிலிருந்து கோபுரம்போல் நிமிர்ந்து நிற்கும் பூங்கொத்து; நீலம், ஊதா, இளஞ்சிவப்பு, மஞ்சள், வெள்ளை எனப் பல நிறங்கள். இவ்வளவு அழகிய செடிக்கு ஓநாயின் பெயரை ஏன் வைத்தார்கள்?

சத்தில்லாத மணலிலும் பொட்டல் நிலத்திலும் லூப்பின் செழித்து வளர்வதை ஐரோப்பிய மக்கள் கண்டார்கள். செடி நன்றாக இருக்கிறது, மண் மோசமாக இருக்கிறது. ஆகவே மண்ணின் சத்தையெல்லாம் இந்தச் செடிதான் ஓநாய்போல் விழுங்கிவிட்டது என்று நினைத்தார்களாம். உண்மை இதற்கு நேர் எதிரானது. லூப்பின் மண்ணுக்குச் சத்தைச் சேர்க்கும் செடி. உழவர்கள் இதை முன்பே அறிந்திருந்தார்கள். லூப்பினை மடக்கி உழுதால் நிலம் வளம் பெறும் என்று சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமானிய வேளாண்மை நூலாசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சேர்வராயன் மலைமேல், வாழவந்தி போன்ற ஊர்களில் வசிக்கும் மாணவர்கள் இந்தச் செடியை வீட்டுத் தோட்டத்தில் வளர்த்துப் பார்க்கலாம். கீழே சேலத்தில் இருப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு குறைவு. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சாலை வழியாக ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். இந்தச் சிறு தூரம் ஏன் இவ்வளவு வித்தியாசத்தை உண்டாக்குகிறது?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 300 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. வித்தியாசம் ஏறக்குறைய 1200 மீட்டர். மேலே போகப் போக, 1000 மீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் வீதம் வெப்பநிலை குறைகிறது. அப்படியானால் சேலத்தைவிட ஏற்காட்டில் ஏறக்குறைய 8 டிகிரி குறைவாக இருக்கும். லூப்பின் குளிர்ச்சியை விரும்பும் செடி. பகலில் 15 முதல் 25 டிகிரி வரை இருந்தால் அதற்கு மகிழ்ச்சி. வெயில் கடுமையானால் செடி வாடும், மொட்டுகள் உதிரும். அந்த 8 டிகிரியில்தான் இருக்கிறது விஷயம்.

சிவந்த மண்ணும் பூட்டிய சத்தும்

லூப்பினுக்குப் பிடிக்காத இன்னொன்று சுண்ணாம்பு. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் வளர்ந்தால் இலைகள் வெளிறி மஞ்சளாகிவிடும். இரும்புச் சத்தைச் செடியால் சரியாக எடுத்துக்கொள்ள முடியாததே காரணம். உங்கள் தோட்டத்து மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்க, ஒரு பிடி உலர்ந்த மண்ணை எடுத்து அதன்மேல் எலுமிச்சைச் சாற்றைப் பிழியுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. மலைமேல் இருக்கும் சிவப்பு மண் பெரும்பாலும் பொங்காது.

ஏன்? யுகயுகமாக மலைமேல் பெய்த மழை, பாறைகளிலிருந்து சுண்ணாம்பையும் மணற்சத்தையும் கரைத்து அடித்துக்கொண்டு போய்விட்டது. கரையாத இரும்பும் அலுமினியமும் மிஞ்சின. மண்ணின் சிவப்பு இரும்பின் துருவால் வந்தது. அலுமினியம் மிகுதியாகச் சேர்ந்த இடங்களில் பாக்சைட் உண்டாயிற்று. சேர்வராயன் மலையின் உச்சிகளில் பாக்சைட் படிவுகள் இருப்பது இப்படித்தான். மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இங்கே பாக்சைட் வெட்டியெடுத்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

இத்தகைய மண்ணில் ஒரு சிக்கல் உண்டு. செடிகளுக்கு மிகவும் வேண்டிய பாஸ்பரஸ் எனும் மணிச்சத்து, இரும்போடும் அலுமினியத்தோடும் இறுகச் சேர்ந்துவிடுகிறது. மண்ணில் அது இருக்கும். ஆனால் வேரின் கைக்கு எட்டாது. பெட்டிக்குள் பணம் இருந்தும் சாவி இல்லாத கதைதான். வெள்ளை லூப்பின் என்ற இனம் இதற்கு ஒரு சாவியை வைத்திருக்கிறது. மணிச்சத்து கிடைக்காதபோது, புட்டி கழுவும் தூரிகையைப் போல நெருக்கமான சிறு வேர்க்கொத்துகளை அது உண்டாக்கும். அந்த வேர்கள் சிட்ரிக் அமிலத்தின் உப்பைக் கசியவிடும். சற்றுமுன் நாம் பிழிந்த எலுமிச்சையில் இருக்கிறதே, அதே சிட்ரிக் அமிலம்! அது இரும்பையும் அலுமினியத்தையும் பற்றி இழுத்துக்கொள்ள, மணிச்சத்து விடுபட்டு வேருக்குள் செல்கிறது. எல்லா லூப்பின் இனங்களுக்கும் இந்தத் திறமை இல்லை.

காற்றிலிருந்து உரம்

லூப்பின் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தட்டைப்பயறு, நிலக்கடலை, சணப்பு எல்லாம் இதன் உறவினர்கள். காப்பித் தோட்டத்தில் நிழலுக்காக வளர்க்கும் கல்யாண முருங்கையும் இதே குடும்பம்தான். இந்தக் குடும்பத்துச் செடிகளின் வேர்களில் சிறு முண்டுகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தருகின்றன. பதிலுக்குச் செடி அவற்றுக்குச் சர்க்கரை கொடுக்கிறது.

இதைக் கண்டறிந்த வரலாற்றில் லூப்பினுக்கும் ஒரு பங்கு உண்டு. ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இருவர் 1880-களில் ஒரு சோதனை செய்தார்கள். நைட்ரஜன் சத்தே இல்லாத, கிருமி நீக்கிய மணலில் பட்டாணியையும் லூப்பினையும் விதைத்தார்கள். செடிகள் நோஞ்சானாக நின்றன. நல்ல தோட்ட மண்ணை நீரில் கலக்கி, அந்தக் கலங்கல் நீரைச் சிறிது ஊற்றினார்கள். பட்டாணி உயிர் பெற்று வளர்ந்தது. லூப்பின் அப்படியே நின்றது. பிறகு, முன்பு லூப்பின் விளைந்த நிலத்து மண்ணைக் கலக்கி ஊற்றினார்கள். உடனே லூப்பினும் தழைக்கத் தொடங்கியது! அந்த நீரைக் கொதிக்க வைத்து ஊற்றினால் பலன் இல்லை. எனவே வேலை செய்வது ஏதோ ஓர் உயிர் என்பதும், ஒவ்வொரு வகைச் செடிக்கும் அதற்கேற்ற கூட்டாளி வேண்டும் என்பதும் தெளிவாயின. 1886-ல் பெர்லினில் இந்த முடிவை ஹெல்ரீகல் அறிவித்தார்.

வீட்டுத் தோட்டக்காரருக்கு இந்தப் பழைய சோதனை இன்றும் முக்கியமானது. லூப்பின் இதுவரை வளராத மண்ணில் அதற்கேற்ற பாக்டீரியா இல்லாமல் போகலாம். வேளாண்மை விரிவாக்க மையங்களில் விற்கும் ரைசோபியம் பொட்டலங்கள் நிலக்கடலை, உளுந்து போன்ற பயிர்களுக்கானவை. லூப்பினுக்கு அவற்றை நம்ப முடியாது. லூப்பினுக்கென்றே தயாரித்த நுண்ணுயிர் உரம் கிடைத்தால், விதையில் கலந்து விதைப்பது நல்லது.

"நீலகிரியில் உருளைக்கிழங்கு நிலங்களில் பசுந்தாள் உரமாக லூப்பின் விதைக்கிறார்களே, அங்கிருந்து ஒரு பை மண் கொண்டுவந்தால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். ஹெல்ரீகலின் சோதனையைப் படித்தவர்களுக்கு இந்த யோசனை தோன்றுவது இயல்புதான். ஆனால் தயவுசெய்து கொண்டுவராதீர்கள். நீலகிரியின் உருளைக்கிழங்கு நிலங்களில், வேர்களைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு இருப்பது 1961-ல் கண்டுபிடிக்கப்பட்டது. கடுகைவிடச் சிறிய அதன் கூடுகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஒரு பை மண்ணோடு அது சேர்வராயன் மலைக்கு வந்துவிட்டால் அதைத் திருப்பி அனுப்ப வழியே இல்லை. கூட்டாளி பாக்டீரியா கிடைக்காவிட்டால் பாதகமில்லை. கொஞ்சம் மட்கிய எரு கொடுத்துச் செடியைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

விதையின் கதவு

இனி வளர்க்கும் முறைக்கு வருவோம். லூப்பின் விதையை அப்படியே மண்ணில் போட்டால் சில முளைக்கும், பல சும்மா கிடக்கும். விதையின் தோல் அவ்வளவு கெட்டி. நீர் உள்ளே இறங்காது. அந்தத் தோலில் ஓர் அற்புதமான கதவு இருப்பதை நியூசிலாந்தைச் சேர்ந்த ஹைடு என்ற ஆய்வாளர் 1954-ல் விளக்கினார். விதை காயோடு ஒட்டியிருந்த இடத்தில் ஒரு தழும்பு தெரியும் அல்லவா? அதில் நுண்ணிய பிளவு ஒன்று இருக்கிறது. சுற்றியுள்ள காற்று உலர்ந்திருக்கும்போது பிளவு திறந்து, விதைக்குள் இருக்கும் ஈரத்தை வெளியே விடும். காற்றில் ஈரம் ஏறினால் பிளவு மூடிக்கொள்ளும். ஈரம் வெளியே போகலாம், உள்ளே வர முடியாது. இப்படி விதை மேலும் மேலும் உலர்ந்து, நீண்ட காலம் உறங்கத் தயாராகிறது.

இந்த நீண்ட உறக்கத்தைப் பற்றி ஒரு வேடிக்கையான செய்தியும் உண்டு. கனடாவின் உறைபனி மண்ணில், பழங்கால எலி வளைகளில் கிடைத்த லூப்பின் விதைகள் முளைத்தன என்றும், அவற்றின் வயது 10,000 ஆண்டுகள் என்றும் 1967-ல் ஓர் அறிவியல் இதழில் வெளிவந்தது. பல பாடப்புத்தகங்களிலும் இது இடம் பெற்றது. 2009-ல் கதிரியக்கக் கார்பன் முறையில் அந்த விதைகளைச் சோதித்தபோது, அவை இக்காலத்து விதைகளே என்று தெரிந்தது! எப்படியோ பிற்காலத்தில் அந்த வளைகளுக்குள் வந்து சேர்ந்தவை. பழைய புத்தகத்தில் இந்தச் செய்தியைப் பார்த்தால் ஓரத்தில் குறித்து வையுங்கள்.

கதவு திறக்காத விதைக்கு நாம்தான் ஜன்னல் வைக்க வேண்டும். உப்புத்தாளில் விதையின் ஒரு பக்கத்தை மெல்லத் தேய்த்தால் போதும். தழும்பு இருக்கும் பக்கத்தைத் தேய்க்காதீர்கள். முளைக்கரு அதன் அருகில்தான் இருக்கிறது. பிறகு ஓர் இரவு நீரில் ஊறவிடுங்கள். காலையில் பருத்திருக்கும் விதைகளை உடனே விதைத்துவிடலாம். பருக்காதவற்றை மறுபடி தேய்த்து ஊறப்போடுங்கள். தேய்த்தவை பத்து, தேய்க்காதவை பத்து எனத் தனித்தனியே விதைத்து, எத்தனை நாளில் எத்தனை முளைக்கின்றன என்று குறித்து வைத்தால் அதுவே பள்ளிக்கு ஒரு நல்ல செயல்திட்டம்.

லூப்பினின் ஆணிவேர் வேகமாக ஆழத்துக்குப் போகும். அது ஒடிந்தால் செடி தேறுவது கடினம். எனவே வளர வேண்டிய இடத்திலேயே விதைப்பது சிறந்தது. நாற்று விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், காப்பி நாற்றுக்குப் பயன்படுத்தும் உயரமான பை பொருத்தமானது. நடும்போது மண்கட்டி உடையாமல் பையைக் கிழித்து எடுங்கள்.

எப்போது விதைப்பது? ஏற்காட்டில் மழைக்குப் பஞ்சமில்லை, அதுவே தொல்லையும்கூட. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவங்களும் நனைக்கின்றன. லூப்பின் வறட்சியைக்கூடச் சற்றுத் தாங்கும். வேரடியில் நீர் தேங்குவதைத் தாங்கவே தாங்காது. ஆகவே மழையின் வேகம் குறையத் தொடங்கும் நவம்பரில் விதைப்பதே நல்லது என்பது என் கருத்து. அப்படிச் செய்தால் குளிர் மாதங்களில் செடி வளர்ந்து, வெயில் ஏறுமுன் பூத்துவிடும். பாத்தியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்திப் போடுங்கள். சரிவான நிலம் என்றால் இன்னும் நல்லது. வெயில் நன்றாக விழும் இடமாக இருக்கட்டும். சில்வர் ஓக் மரத்தடி உதவாது. விதையை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி, செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள்.

ஒரே பருவத்தில் பூத்து முடியும் இனங்களும் உண்டு, ஆண்டுக்கணக்கில் நிற்கும் இனங்களும் உண்டு. நம் மலைக்கு முதல் வகையே ஏற்றது. குளிர்நாடுகளில் பல ஆண்டு வாழும் வகைகள், உறைபனி காணாத நம் மலையில் பூக்கத் தயங்கும்.

உரம் போடும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். யூரியா வேண்டவே வேண்டாம். மண்ணில் நைட்ரஜன் தாராளமாகக் கிடைத்தால் செடி பாக்டீரியாவுக்குக் குடியிருப்பு கட்டித் தராது. முண்டுகள் குறையும், இலை மட்டும் மண்டும். மலையின் மூடுபனியில் நத்தைகளுக்குக் கொண்டாட்டம்; இளந்தளிரை ஓர் இரவில் தின்று தீர்த்துவிடும். மாலையில் கைவிளக்கோடு போய்ப் பொறுக்கி எடுப்பதைவிட நல்ல மருந்து இல்லை. அசுவினி வந்தால் வேகமாக நீரைப் பீய்ச்சிக் கழுவலாம். தண்டின் அடி கறுத்து அழுகினால் நீர் தேங்குகிறது என்று பொருள். அந்தச் செடியை அகற்றிவிட்டு வடிகாலைச் சரிசெய்யுங்கள்.

வளரும் செடியில் பார்க்க வேண்டியவை நிறைய. விரித்த விரல்களைப் போன்ற இலையின் நடுவில், அதிகாலையில் ஒரு பனித்துளி முத்துபோல் உருண்டு நிற்கும். பூவில் தேன் கிடையாது. ஆனாலும் தேனீ வருகிறது, மகரந்தத்துக்காக. பக்கத்து இதழ்களின்மேல் அது உட்கார்ந்ததும் அதன் எடையால் படகு போன்ற கீழ் இதழ் அமுங்க, நுனித் துளை வழியாக மகரந்தம் பற்பசைபோல் பிதுங்கி வரும். தேனீ வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விரலால் மெல்ல அழுத்தினாலே பார்க்கலாம். உதிரிச் செடி ஒன்றை வேரோடு தோண்டி, ஒரு முண்டை இரண்டாக வெட்டிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பாக்டீரியாக்கள் வேலை செய்கின்றன. நம் இரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீமோகுளோபினுக்கு நெருங்கிய உறவான ஒரு பொருளே அந்த நிறத்தைத் தருகிறது.

தோட்டத்துக்கு வந்த கதையும் தட்டுக்கு வந்த கதையும்

இன்று தோட்டங்களில் காணும் பல வண்ண லூப்பின்களுக்குப் பின்னால் ஒரு தோட்டக்காரரின் பொறுமை இருக்கிறது. வட அமெரிக்காவிலிருந்து டேவிட் டக்ளஸ் என்பவர் 1826-ல் இங்கிலாந்துக்கு அனுப்பிய இனம் பெரும்பாலும் நீலம்தான். யார்க் நகரைச் சேர்ந்த ஜார்ஜ் ரஸ்ஸல், 1911 முதல் தம் சிறிய நிலத்தில் பல இனங்களை நெருக்கமாக வளர்த்தார். கலப்பினச் சேர்க்கையைத் தேனீக்களிடமே விட்டுவிட்டார். அவர் செய்த வேலை ஒன்றுதான்: மனத்துக்குப் பிடிக்காத செடிகளைத் தயங்காமல் பிடுங்கி எறிந்தார். 1937-ல் லண்டன் கண்காட்சியில் அவருடைய மலர்கள் மக்களை வியப்பில் ஆழ்த்தின. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 80!

மற்றொரு கதை விதையைப் பற்றியது. லூப்பின் விதையில் லூப்பனின், ஸ்பார்ட்டீன் போன்ற கசப்பு நஞ்சுகள் உள்ளன. மத்தியதரைக்கடல் நாடுகளில் இதை வேகவைத்து, நாள்கணக்கில் நீர் மாற்றி மாற்றி ஊறவைத்துக் கசப்பை நீக்கியபின் தின்கிறார்கள். ஜெர்மனியில் ஃபான் செங்புஷ் என்ற விஞ்ஞானி 1920-களின் இறுதியில், கசப்பை விரைவாகச் சோதிக்கும் முறையைக் கண்டு, லட்சக்கணக்கான செடிகளைச் சலித்து, கசப்புக் குறைந்த சிலவற்றைப் பிடித்தார். அவருடைய வழியைத் தொடர்ந்து வந்த இனிப்பு லூப்பின் இப்போது மேற்கு ஆஸ்திரேலியாவில் பெரும் பயிர். உங்கள் தோட்டத்து அலங்கார லூப்பின் அந்த வகை அல்ல. அதன் காய் பார்ப்பதற்குப் பட்டாணிபோல் இருக்கும். சிறு குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தின்றால் வாய் வறண்டு, தலை சுற்றி, பார்வை மங்கும். தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் இதன் காயைப் போட வேண்டாம்.

வேலி தாண்டும் ஆபத்து

எரிந்த மண்ணிலும் முதலில் குடியேறும் செடி இது. 1980-ல் அமெரிக்காவில் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்தபின், சாம்பல் மூடிய வெளியில் முதலில் வேரூன்றியவற்றுள் ஒரு குட்டை லூப்பின் உண்டு. அங்கே அது பாராட்டைப் பெற்றது. ஐஸ்லாந்திலோ மண் அரிப்பைத் தடுக்க 1945-ல் அலாஸ்காவிலிருந்து கொண்டுவந்த லூப்பின், இன்று உள்ளூர்ச் செடிகளை மூடிக்கொண்டு பரவுகிறது. நியூசிலாந்தில் ரஸ்ஸல் லூப்பின் ஆற்றுப் படுகைகளை நிறைத்து, கூழாங்கற்களிடையே முட்டையிடும் பறவைகளின் இடத்தைப் பறித்துக்கொண்டது. சுற்றுலாப் பயணிகள் அதே பூக்களைப் படம் பிடித்து மகிழ்கிறார்கள்.

இது தொலைதூரக் கதை என்று இருந்துவிட முடியாது. லூப்பினுக்கு மிக நெருங்கிய உறவினர்களான கார்ஸ், ஸ்காட்ச் புரூம் என்ற இரண்டு மஞ்சள் பூச்செடிகளை ஆங்கிலேயர் நீலகிரிக்குக் கொண்டுவந்தார்கள். அவை அங்குள்ள புல்வெளிகளில் பரவி, அகற்ற முடியாத புதராகிவிட்டன. ஏற்காட்டுச் சரிவுகளில் உண்ணிச்செடி படும் பாடு, இல்லை, படுத்தும் பாடு உங்களுக்கே தெரியும். அதுவும் ஒரு காலத்தில் அழகுக்காக வந்த செடிதான்.

எனவே லூப்பின் வளர்ப்பவருக்குக் கட்டாயமான ஒரு வேலை இருக்கிறது. காய் முற்றி உலர்ந்தால் அதன் இரு பாதிகளும் முறுக்கிக்கொண்டு 'பட்' என்று வெடித்து, விதைகளைச் சில மீட்டர் தூரம் எறியும். கொத்தின் அடியிலுள்ள பூக்கள் வாடி, பச்சைக் காய் பிடிக்கத் தொடங்கும்போதே கொத்தை வெட்டிவிடுங்கள். பக்கக் கிளைகளில் மறுபடி பூக்கள் வரும் என்பது கூடுதல் லாபம். சாலையோரத்திலும் காட்டோரத்திலும் விதை தூவுவது கூடாது. ஓடை அருகில் இருக்கும் தோட்டமானால் லூப்பினை விட்டுவிட்டு வேறு பூ வைத்துக்கொள்வது மேல்.

நம் மலைக்கே உரிய ஒரு பூவும் இருக்கிறது. குரோட்டலேரியா எனப்படும் கிலுகிலுப்பைச் செடிகளும் அவரைக் குடும்பமே; காய்ந்த காயை ஆட்டினால் விதைகள் கிலுகிலுக்கும். அவற்றுள் ஓர் இனத்துக்குத் தாவரவியல் அறிஞர் கேம்பிள் 'குரோட்டலேரியா சேர்வராயென்சிஸ்' என்று இந்த மலையின் பெயரையே சூட்டினார். தமிழ்நாட்டின் மலைகளுக்கு வெளியே அதைத் தேடிப் பயனில்லை. மலைச்சரிவில் மஞ்சள் கிலுகிலுப்பைப் பூக்களைக் கண்டால் பறிக்காமல் நின்று பாருங்கள். விரலால் அழுத்தினால் லூப்பின் பூவைப் போலவே இதிலும் மகரந்தம் பிதுங்கும். கிலுகிலுப்பையின் விதையும் நஞ்சுதான்.

பூப்பு ஓய்ந்ததும் லூப்பின் செடியை வேரோடு பிடுங்காதீர்கள். தரைமட்டத்தில் அறுத்து, தண்டையும் இலையையும் துண்டு துண்டாக நறுக்கி அதே பாத்தியில் புதையுங்கள். காய் முற்றுவதற்கு முன்பு செய்ய வேண்டும். முற்றிவிட்டால் சேர்த்த நைட்ரஜனில் பெரும்பகுதி விதைக்குள் போய்விடும். மூன்று நான்கு வாரம் மட்கவிட்டு, அங்கே கீரையோ முட்டைக்கோசோ வைக்கலாம்.